இறக்கம் வழங்கப்பட்டது

இந்தக் கதையில் வருகிற எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. கோமளா அக்கா சொல்லிக் கேட்டது. அவர் நல்லேரிப்பாக்கம் துணை சுகாதார நிலையத்தில் ஏழு வருடம் நர்சாக இருந்து, பிறகு மாற்றலாகி எங்கள் பக்கம் வந்தவர். நாலு மாதம் இருவரும் ஒரே பேருந்தில் போய் வந்தோம்; கதை அந்த நாலு மாதத்தில் துண்டு துண்டாக வந்தது. நடந்ததில் பாதியை அவர் பார்த்திருக்கிறார், மீதியைக் கேட்டிருக்கிறார். எது பார்த்தது, எது கேட்டது என்று பிரித்துச் சொல்லும்படி இரண்டு முறை கேட்டேன். "பிரிச்சா நிக்காது தம்பி, பொலபொலன்னு உதிர்ந்திடும்" என்றார். அதனால் பிரிக்காமல், அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

நல்லேரிப்பாக்கத்துக்கு ஐந்து ஏரிகள். மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு, இப்படி ஒன்று குடித்த மிச்சத்தை ஒன்று குடித்து ஐந்தும் நிரம்பும். ஏரிகளுக்கு நடுவே காரையும் உசிலும் வெப்பாலையும் அடர்ந்த காப்புக்காடு, காட்டுக்கு அந்தப் புறம் பாம்புக்குட்டை என்ற இருளர் குடியிருப்பு, முப்பத்தொரு வீடு. சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம். அந்த ஒன்றரை மணி நேரத்தைக் கணக்கில் வைத்துத்தான் ஏரி வனச் சுற்றுலாக் குழு என்று ஒன்று உருவாகி, ஐந்து ஏரிக்கரைகளையும் காட்டு வழியால் இணைத்து, பதினாலு கிலோமீட்டருக்கு ஒரு செம்மண் பாதை போட்டு, அதற்கு மென்மிதிப் பாதை என்று பெயர் வைத்து, ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டியது. வளைவில் கிளம்பி, ஏரிகளையெல்லாம் சுற்றி, வளைவுக்கே திரும்பி வரலாம். வயதானவர்கள், இதயம் பலவீனமானவர்கள், பல வருடமாகச் சைக்கிளைத் தொடாதவர்கள், யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று பலகையில் எழுதியிருந்தது.

கார்த்திகை மாதம் ஒரு வியாழக்கிழமை திறப்பு விழா. குழுவின் அதிகாரி, மாலை போட்ட சைக்கிளில் ஏறி மூன்று மிதி மிதித்தார். நாலாவது மிதி தேவைப்படவில்லை. பாதை இறக்கமாக இருந்தது. முதல் ஏரிக்கரையில் இறக்கம், இரண்டாவது ஏரிக்கரையில் இறக்கம், காட்டுக்குள் நுழைந்தால் அங்கும் இறக்கம், வலது பக்கம் திரும்பினாலும் இறக்கம், இடது பக்கம் திரும்பினாலும் இறக்கம். இப்படிப் பதினாலு கிலோமீட்டரும் கீழ்நோக்கியே போய், ஒரு மணி பத்து நிமிடத்தில் கிளம்பிய இடத்துக்கே, கிளம்பிய உயரத்திலேயே, வளைவுக்கு அடியில் வந்து நின்றார். கால்களை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு கைதட்டினார்கள், அவரும் தட்டினார்.

ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. "நல்லா போட்டுக்கீறாங்க" என்றுதான் பேசிக்கொண்டார்கள். டீக்கடை சுலோச்சனாவுக்கு மட்டும் ஒரு சின்னச் சந்தேகம். வளைவுக்கு அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து விட்டாள். பழம் மெல்ல உருண்டு, கரையேறி, காட்டுக்குள் மறைந்து, மூன்று மணி நேரம் கழித்து மறுபக்கமாக வந்து அவள் கடை வாசலில் நின்றது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கன்றியிருந்தது. "ஊறுகாய்க்கு ஆவாது" என்று சொல்லிப் பிழிந்து அதிகாரிக்கே ஜூஸ் போட்டுக் கொடுத்தாள்.

அதன் பிறகு சனி ஞாயிறுகளில் சென்னை வந்தது. இறுக்கமான கால்சட்டையும் தலைக்கவசமுமாக வந்தது, வாழைப்பழம் தின்றுகொண்டே வந்தது, பாட்டிகளையும் பேரப்பிள்ளைகளையும் முன்னும் பின்னும் உட்காரவைத்துக்கொண்டு வந்தது. மிதிக்காமலே ஏரியைப் பார்த்தார்கள், நாரைகளைப் பார்த்தார்கள், மிதிக்காமலே காட்டு நிழலில் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து ஒரு சர்வேயர் வந்து மட்டக்கருவியை வைத்து மூன்று நாள் அளந்தார். கிளம்பிய புள்ளி, வந்து சேர்ந்த புள்ளியைவிட நாற்பத்திரண்டு அடி உயரம் என்று கணக்கு வந்தது, இரண்டு புள்ளியும் ஒன்றுதான் என்று எல்லாருக்கும் தெரிந்தது, அவர் கருவியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, குடும்பத்தோடு அடுத்த வாரம் வந்து ஓட்டிவிட்டுப் போனார். பால் கேன்கள் சைக்கிளில் ஏறித் தானாகப் போய்த் தானாகத் திரும்பின. பெண் கேட்டு வருகிறவர்கள், "உங்க ஊர்ல மேடே இல்லியாமே" என்று ஆரம்பித்தார்கள். ஒரு வருடத்துக்குள் ஊர் ஆண்களின் கெண்டைக்கால் சதை வற்றி, லுங்கியை மடித்துக் கட்டினால் பார்க்கச் சிரிப்பாக இருந்தது என்றார் கோமளா. அதுவும் பழகிவிட்டது.

மேடு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. போனது நல்லதுதானே.

அது எங்கே போனது என்பதை முதலில் கண்டது கோமளாவின் ஸ்கூட்டர். புதன்கிழமைதோறும் அவர் பாம்புக்குட்டைக்கு மாத்திரை எடுத்துக்கொண்டு போவார். காட்டை ஒட்டி, வயல்வெளி நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் வண்டிப்பாதை, தோசைக்கல் மாதிரி மட்டமானது. திறப்பு விழாவுக்கு அடுத்த புதன், போகும்போது ஸ்கூட்டர் முனகியது. ஏற்றம். சரி, திரும்பும்போது இறக்கமாக இருக்கும் என்று நினைத்தார். திரும்பும்போதும் ஏற்றம். பாதையின் நடுவில் நிறுத்தி, முன்னால் பார்த்தார், மேடு. பின்னால் பார்த்தார், மேடு. தான் நிற்கிற இடம் மட்டும் பள்ளம். பத்தடி தள்ளி நின்று பார்த்தார், அப்போது அதுதான் பள்ளம்.

ஏரிக்கரையில் ஒருத்தர் மிதிக்காமல் விட்ட மிதியெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகமென்றால் திங்கட்கிழமை ஏற்றம் அதிகம். பள்ளிக்கூடப் பரீட்சைக் காலத்தில் கூட்டம் குறைந்தால், பாம்புக்குட்டைக்காரர்கள், "இன்னைக்குக் கொஞ்சம் சாஞ்சு கீது" என்று சொல்லிக்கொண்டு இரண்டு குடம் கூடுதலாகத் தூக்கி வருவார்கள். முன்புறம் குனிந்து நடக்கக் கற்றுக்கொண்டார்கள். குடத்தைத் தலையில் வைக்காமல் முதுகில் கட்டிக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள். ஊரில் இதைச் சொன்னபோது, ஊராட்சித் தலைவியின் கணவர் தணிகாசலம் (தலைவி கையெழுத்து போடுவார், மற்றதெல்லாம் இவர்) பல் குத்திக்கொண்டே சொன்னார்: "அவுங்க மலை ஜனங்கதானேம்மா. ஏறிப் பழக்கம்."

"அவங்க மலையையே பார்த்ததில்லீங்க" என்றார் கோமளா.

"அப்ப பார்க்கட்டும்."

எல்லாரும் குனிந்து நடந்தார்கள். ஏகாம்பரத்தால் மட்டும் முடியவில்லை. ஏகாம்பரத்துக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடம் அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளியவன். காசநோய் வந்து, மாத்திரையை ஒருநாள் விடாமல் தின்று, குணமாகிவிட்டது என்று கையெழுத்தும் வாங்கியவன்; ஆனால் நுரையீரலில் பாதி தழும்பாகிவிட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள் துணை நிலையத்துக்கு வந்து, ஆவி பிடிக்கிற மெஷினில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் மூச்சு இறங்கும். மூச்சு அதிகம் இழுத்தால் வளைவுக்கு எதிரே பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவன் நோட்டில் ஒரே வரி எழுதியிருந்தார்: மேடு ஏறக்கூடாது.

மேடு ஏறாமல் அவன் வீட்டிலிருந்து எங்கும் போக வழியில்லாமல் போயிற்று. முதல் இரண்டு மாதம் கோமளா அவனை ஸ்கூட்டரில் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார். பொங்கல் விடுமுறைக் கூட்டத்துக்குப் பிறகு ஸ்கூட்டர் இரண்டு பேரோடு நகர மறுத்தது. ஆட்டோக்காரர்கள், என்ஜின் போய்விடும் என்றார்கள். ஒருமுறை ஆம்புலன்ஸ் பாதி தூரம் வந்து, நின்று, பின்னால் போகவும் ஏற்றமாக இருந்ததால் அங்கேயே ஒரு நாள் கிடந்தது. மெஷின் நிலையத்தின் சொத்து, வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதி. கடைசியில் அவன் மனைவி தேசம்மா, செங்கல் சூளையில் கல் சுமந்த தோள்காரி, அவனை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். வந்து சேர்ந்தபோது மெஷின் யாருக்கு வைப்பது என்று கோமளாவுக்குத் தெரியவில்லை.

தேசம்மாவுக்குத்தான் அது தோன்றியது. மென்மிதிப் பாதை, நாலாவது ஏரி தாண்டிக் காட்டுக்குள் போகும்போது, பாம்புக்குட்டைக்குப் பின்னால் முந்நூறு அடி தூரத்தில் போகிறது. நடுவில் ஒரு கம்பிவேலி மட்டும்தான். அங்கே ஏகாம்பரத்தைச் சைக்கிளில் ஏற்றிவிட்டால், ஆறு கிலோமீட்டர் மூச்சு வாங்காமல் உருண்டு, வளைவில் இறங்கி, மெஷினில் உட்கார்ந்துவிட்டு, மறுபடி ஏறி எட்டு கிலோமீட்டர் உருண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். "சொம்மா உருள்றதுதானே நர்சம்மா. பலகையில கூட நெஞ்சு பலவீனம்னு போட்டுக்குதாமே."

கோமளா அவளையும், அவள் கொழுந்தன் கன்னியப்பனையும் கூட்டிக்கொண்டு குழுவின் அதிகாரியைப் பார்க்கப் போனார். கன்னியப்பன் எட்டாவது வரை படித்தவன், பாம்புக்குட்டையின் மனுக்களையெல்லாம் எழுதுகிறவன்.

அதிகாரி கெட்டவரில்லை. இதைக் கோமளா என்னிடம் மூன்று தடவையாவது சொல்லியிருப்பார். மூன்று பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார், டீ சொன்னார். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நுழைவும் வெளியேறலும் வளைவு வழியாத்தான். அதுதான் விதி. அவரு வளைவுக்கு வந்து, டிக்கெட் வாங்கி, ஹெல்மெட் போட்டு ஏறட்டும். யாரு வேணாம்னது?" என்றார்.

"வளைவுக்கு வர முடியாததாலதான் சார் கேக்கறோம்" என்றார் கோமளா.

"அது பாதைப் பிரச்சனை. ஊராட்சி." பேச்சை மாற்றுகிற மாதிரி, ஆனால் உண்மையாகவே அவர்களைச் சந்தோஷப்படுத்த நினைத்து, அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார். "பாம்புக்குட்டையா? உங்களுக்கு ஒண்ணு காட்டறேன். இந்தப் பாதையே உங்க ஊர் மனுவுலதான் ஆரம்பிச்சது."

கோப்பின் முதல் பக்கத்தில் கன்னியப்பனின் குண்டுக் கையெழுத்து இருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய மனு. *எங்கள் பாம்புக்குட்டை ஜனங்கள் மேல் இறக்கம் காட்டி ஒரு பாதை அமைத்துத் தரும்படி கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறோம்.* ஓரத்தில் யாரோ பச்சை மையில் குறித்திருந்தார்கள்: *பொதுமக்கள் இறக்கம் கோருகின்றனர். வழங்கலாம். ஏரிக்கரைகளை இணைத்து அமைக்கலாம்.* அதற்குக் கீழே நாலு கையெழுத்து, நாலு தேதி.

கோமளா படித்துக் காட்டினார். தேசம்மா எழுந்து நின்றாள்.

"அப்ப அந்த எறக்கம் எங்களுதா சார்?"

அதிகாரி கோப்பைத் தன் பக்கம் திருப்பி, மறுபடி படித்தார். முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது, தப்பைக் கண்டுபிடித்த வாத்தியாரின் வெளிச்சம். "இல்லம்மா. நீங்க கேட்டது இது இல்ல. இவரு எழுத்துப் பிழை விட்டிருக்காரு. சின்ன ர போட்டிருக்கணும், பெரிய ற போட்டுட்டாரு. பெரிய ற போட்டா ரோடு. சின்ன ர போட்டா மனசு. நீங்க கேட்டது மனசு."

"மனசு கேட்டதுக்கு ரோடு குடுத்தாங்களா?"

"ஆமா. பிழையால வந்தது."

"சரி, குடுத்த ரோட்டுல எங்கள ஏத்திக்கோங்க."

"நீங்க ரோடு கேக்கலியேம்மா. மனசுதானே கேட்டீங்க. மனசுக்கு எங்ககிட்ட நிதித் தலைப்பு கிடையாது. எந்தத் துறையிலயும் கிடையாது." சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த மனுவில், பெரிய ற-வை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே அழகாகச் சின்ன ர எழுதினார். "இப்ப சரியா இருக்கு."

தேசம்மா அந்தச் சின்ன எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள், ஆனால் கோடு போட்டு அடித்தால் என்ன ஆகும் என்பது தெரியும். "தப்பா எழுதுனா ரோடு வருது. சரியா எழுதுனா ஒண்ணும் வராது. அப்படியா சார்?"

அதிகாரி சிரித்தார். கபடமில்லாத சிரிப்பு. "அப்படித்தான் ஆகிப்போச்சு, என்ன செய்ய?"

திரும்பும் வழியில், அந்த ஏற்றத்தில் குனிந்து நடந்துகொண்டே கன்னியப்பன் சொன்னான்: "நல்ல காலம் அண்ணி, எம் பேர்ல எந்த ர-வும் இல்ல." யாரும் சிரிக்காததால் அவனே சிரித்தான். அன்றைக்கே உட்கார்ந்து, பெரிய ற போட்டு, தெரிந்தே, ஒவ்வொரு ற-வையும் இரண்டு முறை அழுத்தி, புது மனு எழுதினான்: எங்களுக்கு இறக்கம் வேண்டும். நாற்பது நாளில் பதில் வந்தது. *தங்கள் பகுதிக்கு ஏற்கெனவே இறக்கம் வழங்கப்பட்டுள்ளது. எனவே மீண்டும் வழங்க இயலாது.*

பதில் வந்த வாரத்தில் ஏகாம்பரத்துக்கு உட்கார்ந்தால் மூச்சு, படுத்தால் மூச்சு. தேசம்மா முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். சித்திரை விடுமுறைக் கூட்டம், ஏற்றம் சுவர் மாதிரி நின்றது, நூறடியில் திரும்பிவிட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கன்னியப்பன் கம்பிவேலியில் நாலு கம்பியை வெட்டினான். அவர்களிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. செயின் இல்லை. பிரேக் கட்டையும் இல்லை. உருள்வதற்குச் செயின் எதற்கு என்று, ஏகாம்பரத்தை அதில் உட்காரவைத்து, ஒரு துண்டால் இடுப்பைச் சீட்டோடு கட்டி, ஏழு மணிக்குப் பாதையில் விட்டார்கள்.

உருண்டான். முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் காற்று முகத்தில் அடித்து, மூக்கு வழியே தானாக உள்ளே போய், ஆறு மாதமாகத் தேடிய மூச்சு தேடாமலே வந்தது. உட்கார்ந்தால் இழுக்கிற மூச்சு உருண்டால் இழுக்கவில்லை. பின்னால் வந்த சென்னைக்காரர்கள், "குட் மார்னிங் அங்கிள்" என்றார்கள். அவனும் கையைத் தூக்கினான்.

ஏழரை மணிக்கு வளைவுக்கு வந்தபோது, கோமளா மெஷினைத் துடைத்து, மருந்து ஊற்றி வைத்துவிட்டு, வளைவில் காத்திருந்தார். துணை நிலையம் வளைவிலிருந்து ஐம்பது அடி. வாசல் காவலன் தசரதன் கையை நீட்டி மறித்தான்.

"டிக்கெட்?"

"இல்லப்பா. மூச்சு முடியாதவரு, இறக்கிக்கிறேன்" என்றார் கோமளா.

"உள்ள வந்ததா பதிவே இல்ல நர்சம்மா. உள்ள வராதவன எப்படி வெளிய விடறது? கணக்கு இடிக்கும்." தசரதனுக்கு அந்த வேலை கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. "ஒரு சுத்து போய்ட்டு வரட்டும். நான் அதுக்குள்ள கேட்டு வைக்கிறேன்."

கோமளா சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தார். "இன்னைக்கு இவன விட்டா நாளைக்கு எலி பிடிக்கிறவன்லாம் கிட்டிய எடுத்துகினு வருவான். விடு கைய." தசரதன் தாழ்ந்த குரலில், "நர்சம்மா, உங்க மேல ரிப்போர்ட் போவும். எம் மேலயும் போவும்" என்றான்.

"விட்டுட்டேன் தம்பி" என்று கோமளா பேருந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இழுத்துப் போட்டிருக்கலாம். என் கை அந்த ஹேண்டில்லதான் இருந்துச்சு. ரிப்போர்ட்னு ஒரு வார்த்தை. விட்டுட்டேன்." நானாக இருந்தாலும் விட்டிருப்பேன் என்றுதான் தோன்றியது. அதை அவரிடம் சொல்லவில்லை.

எட்டு நாற்பதுக்கு வந்தான். அதிகாரி போனை எடுக்கவில்லை, மாமல்லபுரத்தில் கல்யாணம். ஒன்பது ஐம்பதுக்கு வந்தான். அதிகாரி எடுத்தார், எழுத்து மூலம் அனுப்பச் சொன்னார். பதினொன்றுக்கு வந்தான், அதற்குள் கோமளா மருந்தை உறிஞ்சுகிற குழலை எடுத்துக்கொண்டு சைக்கிளோடு ஓடி, அவன் வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தக் கற்றுக்கொண்டிருந்தார். மெஷினில் உட்காராமல் வீட்டில் இறக்கினால் மறுபடி மூச்சு இழுக்கும் என்று, வேலியில் தேசம்மா கஞ்சியோடு நின்று, உருள்கிறவன் கையில் குவளையைக் கொடுத்து, கூடவே ஓடி, காலிக் குவளையை வாங்கிக்கொள்ளக் கற்றுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பத்துக்கு வந்தபோது சுலோச்சனா ஜூஸை எடுத்து நீட்டினாள். ஒன்று இருபதுக்கு வந்தபோது சென்னைப் பிள்ளைகள் வளைவில் நின்று எண்ண ஆரம்பித்திருந்தன, "அங்கிள் ஆறாவது ரவுண்டு!" ஒருவர் படம் எடுத்து, விடாமுயற்சி என்று எழுதிப் போட்டார். இரண்டரைக்கு வந்தபோது தணிகாசலமே, "கில்லாடிடா நீ" என்று கைதட்டினார். ஊர் அவனைப் பழகிக்கொண்டது. மேடு இல்லாதது பழகிப்போன மாதிரியே, மத்தியானத்துக்குள் அவனும் பாதையின் ஒரு பகுதியாகிவிட்டான். கூட்டம் இன்னும் சேர்ந்தது.

மூன்று நாற்பதுக்கு வந்தபோது உதடு நீலமாக இருந்தது. "அக்கா, எப்ப எறங்கறது?" என்று கேட்டான். கோமளா ஓடிக்கொண்டே, "ஆறு மணிக்குப் பாதைய மூடுவாங்க. அப்ப விதிப்படி எல்லாரையும் இறக்கியே ஆகணும். இன்னும் ரெண்டே சுத்து. தூங்கிடாத" என்றார்.

"காத்து நல்லாதான் கீது" என்றான்.

நாலு ஐம்பதுக்கு வந்தான். தலையை மட்டும் ஆட்டினான்.

ஐந்தரை மணிக்கு வேலியில் தேசம்மா குவளையை நீட்டினாள். அவன் எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சி அவன் தொடையில் சிந்தியது. அவள் கூடவே இருபதடி ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சைக்கிள் அதே வேகத்தில், அவசரமில்லாமல், காட்டுக்குள் திரும்பியது. அவள் குவளையைப் போட்டுவிட்டு வண்டிப்பாதைக்கு ஓடினாள். பதினாலு கிலோமீட்டரில் அன்றைக்கு உருண்ட எழுநூறு பேரின் ஏற்றமும் அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் நின்றது. கையை ஊன்றி ஏறினாள்.

சரியாக ஆறு மணிக்கு ஏகாம்பரம் வளைவுக்கு வந்தான். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், இரண்டு கையும் ஹேண்டிலில். பின்னால் வந்த ஒரு பெண்மணி அவனுக்கு மணியடித்து வழி கேட்டுக்கொண்டே வந்தார். தசரதன் வெளி வாசலில் குறுக்கே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து விட்டு, உண்மையான சந்தோஷத்தோடு, "இப்ப எறங்கலாம் வா அண்ணே" என்றான். அந்த அண்ணேயைக் கோமளா தெளிவாகக் கேட்டார். கைதட்டினார்கள். சைக்கிள் வளைவுக்கு அடியில் தானாக நின்றது. நின்ற பிறகும் சாயவில்லை. அசைவில்லாத ஒருத்தனைக்கூடக் கீழே தள்ளாத அளவுக்கு அந்தப் பாதை சாந்தமாக இருந்தது.

கோமளா மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். மெஷினில் ஊற்றி வைத்த மருந்து காலையிலிருந்து அப்படியே இருந்தது. தேசம்மா வந்து சேர்ந்தபோது ஏழு மணி. அவள் உள்ளங்கையில் தோல் இல்லை.

மறுநாள் வேலியைக் கட்டினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கூட்டம் வந்தது.

பதிவு செய்யப் போனபோதுதான் கேள்வி வந்தது: எங்கே இறந்தார்? மேலேரியிலிருந்து வேலி வரை நல்லேரிப்பாக்கம் ஊராட்சி, வேலியைத் தாண்டிப் பாதை போகிற காடு கீழ்த்தொழுவூர் ஊராட்சி. வேலியில் பார்த்தபோது உயிர் இருந்ததா என்று தேசம்மாவைக் கேட்டார்கள். இருந்தது என்றால் கீழ்த்தொழுவூர் பதிய வேண்டும், இல்லை என்றால் நல்லேரிப்பாக்கம். "கண்ணு தெறந்துதான் இருந்துச்சு" என்றாள். "என்னைப் பாத்தாரான்னு தெரியல." இப்படித்தான் அல்லது அப்படித்தான் என்று ஒன்றைச் சொல்லிவிடச் சொல்லிக் கோமளா கெஞ்சினார், சான்றிதழ் இல்லாமல் வீட்டை அவள் பெயருக்கு மாற்ற முடியாது. அவள் சொல்லவில்லை. தெரியாததை எப்படி நர்சம்மா சொல்றது என்று கேட்டாள். அதற்கடுத்த மாதம் கோமளாவுக்கு மாற்றல் வந்தது. இவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

போன மாதம் விண்ணப்பம் போட்டு, அந்த வருடத்து இறப்புப் பதிவேட்டை நானே போய்ப் பார்த்தேன். வரிசை எண் நாற்பத்தேழு. பெயர் ஏகாம்பரம், ஆண், வயது நாற்பத்திரண்டு, காரணம் மூச்சுத் திணறல். இடம் என்ற கட்டம் காலி, ஓரத்தில் 'நிலுவை' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் அவனுக்கு மேலே ஒன்பது பேர், கீழே பதினொரு பேர். அத்தனை பேருக்கும் இடம் இருக்கிறது.